ஊர் திரும்பிய பின் தொடங்கும் சிகிச்சை

உண்பது தானாக வருவது, அதைக் கற்பிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் எல்லாச் சமூகங்களிலும் வேரூன்றியிருக்கிறது. குழந்தை வளர்ச்சி பற்றிய மருத்துவ அறிவு சொல்வது வேறு. கருவில் ஏறத்தாழ 34 வாரங்கள் நிறையும்போதுதான் உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இடறாமல் நிகழும் ஆற்றல் முதிர்கிறது. பிறந்த பின் பால் குடிக்க உதவும் அனிச்சைச் செயல்கள் 4 முதல் 6 மாதங்களுக்குள் மெல்ல மறைந்துவிட, அதன் பின்னர் வாய்க்குள் வரும் ஒவ்வொன்றையும் நாவால் நகர்த்தி, ஈறாலும் பல்லாலும் நசுக்கி, உரிய கணத்தில் விழுங்குவதைப் பிள்ளை பழகியே கற்றுக்கொள்கிறது. குறைமாதப் பிறப்பு, இதயக் கோளாறு, அண்ணப்பிளவு, பெருமூளை வாதம், நெடுநாள் வைத்தியசாலை வாசம் என்று ஏதோ ஒன்றால் அந்தக் கற்றல் காலம் கைநழுவிப்போன பிள்ளைக்கு, மற்றப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்யும் காரியம் பிற்பாடு பெரும் உழைப்பாக மாறிவிடுகிறது.

இந்நிலையை மருத்துவ உலகம் நீண்ட காலம் பல பெயர்களால் சிதறலாகவே குறிப்பிட்டு வந்தது. 2019இல் வெளியான பன்னாட்டு வல்லுநர்களின் உடன்பாட்டுக் கட்டுரை ஒன்றே, வயதுக்குரிய அளவிலும் முறையிலும் வாய்வழியாக உண்ண இயலாமை குறைந்தது இரண்டு வாரங்களுக்கு நீடித்து, அதனுடன் உடல்நலம், ஊட்டச்சத்து, உண்ணும் திறன், உளவியலும் குடும்பச் சூழலும் என்ற நான்கு தளங்களில் ஒன்றிலேனும் கோளாறு காணப்படுமாயின் அதனைக் குழந்தைகளின் ‘உணவூட்டல் கோளாறு’ என்று ஒரே பெயரால் வகுத்தது. மூன்று மாதங்களுக்குக் குறைவாக நீடிப்பதைக் குறுங்காலக் கோளாறு என்றும், அதற்கு மேல் நீடிப்பதை நாட்பட்டது என்றும் அது பிரித்தது. இவ்வரையறையின் பெறுமதி நான்காவது தளத்தில் இருக்கிறது: தாய் தட்டை எடுக்கும்போதே பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வதும், ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் வீட்டில் ஒரு போராட்டமாக முடிவதும் நோயின் பகுதிகளாகவே முறைப்படி ஏற்கப்பட்டன. பிள்ளை அடம்பிடிக்கிறது என்றோ, தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்றோ சொல்லி ஒதுக்கிவந்த உறவினர்களுக்கும், சில வேளைகளில் மருத்துவர்களுக்கும், இதுவே போதிய பதிலாகும்.

வாயால் உண்ண இயலாத பிள்ளையை உயிரோடு வளர்த்தெடுப்பது குழாய். மூக்கின் வழியாக இரைப்பைக்குள் இறக்கப்படும் மென்குழாய் சில வாரத் தேவைக்குரியது. நீண்ட காலத் தேவைக்கு வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு நேரே இரைப்பையில் குழாய் பொருத்துவது வழக்கம். பெரிய அறுவைச் சிகிச்சையின்றி, உட்காணும் கருவியின் துணையோடு அதைப் பொருத்தும் முறையை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் கௌடரர், ஜெஃப்ரி பொன்ஸ்கி ஆகிய இரு மருத்துவர்கள் முதன்முதலாக ஒரு கைக்குழந்தைக்குச் செய்தார்கள். அன்றிலிருந்து எண்ணற்ற பிள்ளைகளின் உயிர் அதனால் காக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் குழாய்க்கு ஒரு மறுபக்கம் உண்டு. குறித்த நேரத்தில், குறித்த அளவில் வயிறு நிரப்பப்படுவதால் பிள்ளைக்குப் பசி என்ற உணர்வே அறிமுகமாவதில்லை; வாய்க்கு வந்ததெல்லாம் மருந்து, உறிஞ்சு குழாய், ஒட்டுநாடா என்று துன்பம் தருபவையாகவே இருந்திருப்பதால் உதட்டருகே வரும் கரண்டியையும் அது அச்சத்தோடுதான் எதிர்கொள்கிறது. முதலில் குழாயை அவசியமாக்கிய நோய் குணமான பின்னரும் பிள்ளை குழாயை விட்டு வர இயலாமல் இருக்கும் இந்த நிலையே ‘குழாய்ச் சார்பு’ எனப்படுகிறது.

இதிலிருந்து விடுவிக்கும் சிகிச்சைக்காகப் பல நாட்டுப் பெற்றோர் தேடிச் சென்ற இடங்களுள் ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் முதன்மையானது. அங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மார்கரீத்த டூனிட்ஸ்-ஷேர், பீற்றர் ஷேர் ஆகிய குழந்தை மருத்துவர்கள் உருவாக்கிய முறையில், குழாய்வழி உணவு மருத்துவக் கண்காணிப்போடு விரைவாகக் குறைக்கப்பட்டு, பிள்ளை முதன்முறையாகப் பசியை உணர விடப்படுகிறது. அம்முறையின் உயிர்நாடி விளையாட்டு விருந்து எனத்தக்க ஓர் அமர்வு: தரையில் விரிப்பு விரித்து, நடுவே பலவகை உணவுகளை வைத்து, குழாயில் வாழும் பிள்ளைகள் பலரை அவற்றைச் சுற்றி அமர்த்துகிறார்கள். பெரியவர் எவரும் பிள்ளைக்கு ஊட்டுவதில்லை, ஊட்ட முயல்வதுமில்லை. பிள்ளைகள் தொடலாம், பிசையலாம், பூசிக்கொள்ளலாம், எறியலாம், விரும்பினால் வாயில் வைக்கலாம். 2010இல் அக்குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை பெற்ற 221 பிள்ளைகளில் 203 பேர், அதாவது 92 வீதமானோர், முழுமையாக வாய்வழி உணவுக்கு மாறியதாகவும், சிகிச்சைக் காலம் சராசரியாக மூன்று வாரங்கள் என்றும் பதிவாகியிருக்கிறது. பசியைத் தூண்டுவதற்காக உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவதையும் ஏற்கும் இந்த விரைவு முறைமீது மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அமெரிக்க மையங்கள் பல, நடத்தை உளவியலாளர், உணவியலாளர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஆகியோரை ஒரே குழுவாக்கிப் படிப்படியாகவே செல்கின்றன. அவ்வாறான தீவிர சிகிச்சைகளின் முடிவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, சிகிச்சை முடிவில் 71 வீதமான பிள்ளைகளும் பின்னைய கண்காணிப்பின்போது 80 வீதமானோரும் குழாயிலிருந்து விடுபட்டிருந்ததாகக் கூறுகிறது. இரண்டாவது எண் முதலாவதைவிடக் கூடியிருப்பது கவனத்திற்குரியது. பிள்ளை சிகிச்சை மையத்தில் கற்றது போக, வீடு திரும்பிய பின் கற்றதும் சிறிதன்று என்பதை அது உணர்த்துகிறது.

இந்த வீடு திரும்பலைப் பற்றியே மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. இலங்கையின் தமிழ் பேசும் குடும்பம் ஒன்று கிராட்ஸுக்குச் செல்வது அரிது. மொழியும் செலவும் கருதி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற தென்னிந்திய நிறுவனங்களை நாடுவதே இயல்பு. எங்கு சென்றாலும் திரும்பி வரும் வீடு ஒன்றுதான். அந்த வீடு புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டித் தீபகற்பத்தில், ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் திறந்த கடலும் சூழ்ந்த மணற்பரப்பில், ஆலங்குடா போன்ற ஒரு கிராமத்தில் இருக்குமானால், சிகிச்சை மையத்திலிருந்து கொண்டுவரப்படும் அறிவுரைக் காகிதம் எதனோடு ஒத்துப்போகும், எதனோடு முரண்படும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

டொல்பின் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளால் ஆலங்குடா இன்று வெளியுலகுக்குத் தெரியவந்திருக்கிறது. உள்ளூரில் அதன் வரலாறு வேறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் தஞ்சமடைந்தது புத்தளம் மாவட்டத்தில். அவர்களது குடியிருப்புகள் எழுந்த இடங்களுள் ஆலங்குடாவும் ஒன்று. போர் முடிந்த 2009க்குப் பின் சிலர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டார்கள், சிலர் இங்கேயே வேரூன்றினார்கள், வேறு சிலர் இரண்டு ஊர்களிலும் காலூன்றி வாழ்கிறார்கள். ஆகவே இங்கே ஒரு பிள்ளையின் உணவூட்டலுக்குப் பொறுப்பானவர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிக்குச் சென்றிருக்கலாம், உம்மம்மா மன்னாரிலும் ஆலங்குடாவிலும் மாறி மாறித் தங்கலாம், வாப்பா விடியுமுன் வள்ளத்தில் கடலுக்குப் போய்விடலாம். சிகிச்சை மையமோ பெரும்பாலும் உடன் வந்த ஒருவருக்கு, அநேகமாகத் தாய்க்கு, மாத்திரமே பயிற்சி கொடுத்து அனுப்புகிறது. பயிற்சி பெற்றவர் மீண்டும் வேலைக்குப் புறப்படும் நாளில் சிகிச்சையும் அவரோடு விமானம் ஏறிவிடுகிறது என்பது மிகைக் கூற்றாகாது.

மறுபுறம், வெளிநாட்டு மையம் பெரும் பொருட்செலவில் செயற்கையாக உருவாக்கும் சூழல் இந்த வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. கிராட்ஸின் விளையாட்டு விருந்தில் உள்ளவை யாவை? தரையில் விரிப்பு, நடுவில் பொது உணவு, சுற்றிலும் மனிதர், கையால் தொட்டு உண்ணும் உரிமை. ஆலங்குடா வீடொன்றில் பாய் விரித்து, ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து கையால் உண்ணும்போது இவை அனைத்தும் இயல்பாகவே கூடிவிடுகின்றன. சஹன் என்பது இலங்கை முஸ்லிம்கள் விருந்துகளில் சோற்றையும் கறிகளையும் ஒன்றாகப் பரிமாறிப் பலர் பகிர்ந்துண்ணும் பெரிய தட்டு. மற்றவர்கள் மெல்லுவதையும் விழுங்குவதையும் அருகிருந்து பார்ப்பது பிள்ளைக்கு மிகச் சிறந்த பாடம் என்பதில் உணவூட்டல் சிகிச்சையின் எல்லாப் பிரிவினரும் உடன்படுகிறார்கள். அந்த வகையில் மேசையில் தனியே உயர்நாற்காலியில் கட்டப்பட்டிருக்கும் பிள்ளையைவிடப் பாயில் மடியோடு ஒட்டி அமர்ந்திருக்கும் பிள்ளை நல்ல இடத்தில் இருக்கிறது. முதுகு நிமிர்ந்து, தலை நடுவாக, தாடை சற்றே தாழ்ந்து இருக்குமாறு தாங்கிக்கொடுத்தால் போதும். பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்கு அத்தகைய தாங்கல் கட்டாயம்.

வீட்டில் இல்லாதது ஒன்று, அதுதான் கடினமானதும்: வற்புறுத்தாமை. நமது பண்பாட்டில் ஊட்டுதல் அன்பின் மிக நேரடியான வடிவம். பிள்ளைக்குச் சோறு தீத்தும் கை ‘இன்னும் ஒரு வாய்’ என்று நீளாமல் நிற்பது அன்பின் குறைவாகவே காணப்படும். பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறது, சாப்பிடத் தொடங்கிவிட்டது என்ற செய்தி பரவிய உடன் உறவினரும் அயலவரும் பிஸ்கட்டும் தொதலும் கையுமாக வந்து, தம் கண்முன் ஒரு வாய் உண்ணுமாறு கேட்பது இயல்பு. அமெரிக்க உணவியலாளர் எலின் சாற்றர் 1980களில் முன்வைத்த பொறுப்புப் பகிர்வு என்ற கொள்கை, எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெரியவரும், உண்பதா இல்லையா, எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையும் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. முதல் பாதி நமது வீடுகளுக்கு எளிது. இரண்டாம் பாதி மிகப் பெரிய மனமாற்றத்தைக் கோருகிறது. குழாயிலிருந்து விடுபட்ட ஒரு பிள்ளையை நான்கு பேர் சூழ்ந்து நின்று ஒரே வாரத்தில் பழைய அச்சத்துக்குத் தள்ளிவிட முடியும். எனவே ஊர் திரும்புமுன் பயிற்சி பெற வேண்டியவர்களுள் உம்மம்மாவும் மாமிமாரும் அடங்குவர். நேரில் அழைத்துச் செல்ல இயலாவிடினும் காணொளி அழைப்பில் அமர்வுகளைப் பார்க்கச் செய்வது இன்று எவருக்கும் கூடும். கிராட்ஸ் குழுவினரே பின்னாளில் இணையவழிப் பயிற்சியைத் தொடங்கி, பிள்ளை தன் வீட்டிலிருந்தபடியே குழாயிலிருந்து விடுபட வழிசெய்தார்கள்.

நோன்பு மாதம் தனிக் கவனம் வேண்டுவது. பகல் முழுவதும் பெரியவர்கள் உண்ணாதிருப்பதால் பிள்ளை பார்த்துக் கற்கும் வாய்ப்பு நாளில் பாதிக்கு மேல் அற்றுவிடுகிறது. மாலையிலோ குடும்பம் முழுவதும் ஒன்றுகூடி, பள்ளிவாசலிலிருந்து வரும் கஞ்சியோடு அமர்கிறது. பிள்ளையின் முக்கியமான உணவு வேளையை அந்நேரத்துக்கு மாற்றிக்கொள்வது சிறந்த ஏற்பாடாக இருக்கும். இத்தகைய நுட்பத்தை எந்த வெளிநாட்டு மையமும் தானாக எழுதித் தராது. குடும்பம் கேட்டு வாங்க வேண்டும்.

உணவின் பதம் பற்றியும் கேட்டு வாங்க வேண்டியவை பல. விழுங்கும்போது உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் வழிந்து நுரையீரலை அடைவது உணவூட்டல் கோளாற்றின் மிக ஆபத்தான விளைவு. சில பிள்ளைகளில் அது இருமல்கூட இல்லாமல் நிகழ்ந்து, அடிக்கடி வரும் நெஞ்சுச்சளியாகவும் காய்ச்சலாகவும் மாத்திரமே வெளிப்படும். நுரைச்சோலையின் 900 மெகாவாற் அனல்மின் நிலையத்திலிருந்து எழும் நிலக்கரித் தூசு பற்றி அயற்கிராம மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வரும் இப்பகுதியில், பிள்ளையின் இருமலைத் தூசின் மேல் பழிபோட்டுவிட்டு விழுங்கலைச் சோதிக்க மறந்துவிடும் வாய்ப்பு அதிகம். இத்தகைய பிள்ளைக்குத் தண்ணீர் போன்ற நீர்த்த பொருளைவிடக் கெட்டியான பொருள் பாதுகாப்பாக இருக்கலாம். எவ்வளவு கெட்டி என்பதை எல்லா நாடுகளிலும் ஒரே விதமாகச் சொல்வதற்காக வகுக்கப்பட்ட பன்னாட்டு அளவுமுறை ஒன்று, பானங்களையும் உணவுகளையும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. அதன்படி பானங்களைச் சோதிக்கத் தேவைப்படுவது 10 மில்லிலீற்றர் ஊசிக்குழல் மாத்திரமே: அதில் பானத்தை நிரப்பி, நுனியைத் திறந்து 10 விநாடிகள் வழியவிட்டு எஞ்சியதை அளந்தால், 1 மில்லிலீற்றருக்குக் குறைவாயின் அது நீர்ப்பதம், 1 முதல் 4 வரையாயின் முதற்படி, 4 முதல் 8 வரையாயின் இரண்டாம் படி, 8க்கு மேலாயின் மூன்றாம் படி. வேலூரில் பொதியாக வாங்கிய கெட்டிப்படுத்தும் மாவு தீர்ந்துபோன பின், அரிசிக் கஞ்சியையோ தேங்காய்ப்பால் சேர்த்த குரக்கன் கூழையோ இச்சோதனையால் அளந்து அதே படிக்குக் கொண்டுவரலாம்; குழலின் 10 மில்லிலீற்றர் அளவுகோடு 61.5 மில்லிமீற்றர் நீளமுடையதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் எல்லாக் குழல்களும் ஒரே வடிவானவையல்ல. மீனைப் பொறுத்தவரை, கரைவலையில் வரும் சிறு மீன்கள் மலிவும் சத்தும் உடையவை எனினும் முள் மிகுந்தவை. சதைப்பற்றான பெருமீனின் சதையை அவித்து, முள் நீக்கி, சொதியில் குழைத்துக் கொடுப்பதே மெல்லப் பழகாத பிள்ளைக்கு ஏற்றது.

எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் காணக் கிடைக்காத, கற்பிட்டிக்கே உரிய ஓர் ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. மணற்பாங்கான இத்தீபகற்பத்தில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் ஆண்டு முழுவதும் கிணற்று நீரால் விளைவிக்கப்படுவதால், அவற்றுக்கு இடப்படும் உரத்திலிருந்து நைத்திரேற்று எனும் உப்பு எளிதில் நிலத்தடி நீருக்கு இறங்குகிறது என்பதும், பயிர்செய் நிலங்களை அடுத்த கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறது என்பதும் ஆய்வுகளால் நிறுவப்பட்டவை. மிகுந்த நைத்திரேற்று கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். வைத்தியசாலையில் வாழ்ந்த காலம் முழுவதும் சுத்திகரித்த நீரில் கரைத்துப் பழகிய பால்மாவை, ஊர் திரும்பியதும் வளவுக் கிணற்று நீரில் கரைப்பதற்கு முன் அந்நீரைப் பரிசோதிப்பது, கைக்குழந்தை உள்ள வீட்டில் தள்ளிப்போடக் கூடாத முதல் வேலையாகும்.

இவையனைத்தையும் தாங்கிப் பிடிக்கக்கூடிய அமைப்பு இலங்கையில் ஏற்கெனவே இருக்கிறது என்பதைச் சற்று உரத்தே சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், மாதந்தோறும் நிறை பார்க்கும் கிளினிக், நிறையும் உயரமும் கோடாக வரையப்படும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, அவற்றுக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி என்று அடுக்கடுக்காக அமைந்த, கட்டணமற்ற இந்தச் சேவை தெற்காசியாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாதது. குழாயிலிருந்து விடுபட்ட பிள்ளைக்கு முதல் சில மாதங்களில் மிகவும் தேவைப்படுவது அடிக்கடி நிறை பார்ப்பதே. அதற்கான தராசும் அதைப் படிக்கத் தெரிந்த மனிதரும் கிராமத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். இல்லாதவர் பேச்சு மொழிச் சிகிச்சையாளர், அதிலும் தமிழில் பேசும் சிகிச்சையாளர். விழுங்கலைச் சோதித்து வழிநடத்துவது இத்துறையினரின் பணி. இலங்கையில் இதற்கான பயிற்சியைக் களனிப் பல்கலைக்கழகம் 1990களின் பிற்பகுதியில் ராகமையிலுள்ள தன் மருத்துவ பீடத்தில் தொடங்கியது. புத்தளத்துக்குச் செல்லும் புகையிரதப் பாதை ராகமையில்தான் பிரிகிறது; எனினும் கற்பிட்டித் தீபகற்பத்துக்குத் தண்டவாளம் இல்லை, பாதையின் மறுமுனையில் உள்ள பிள்ளைகளின் தாய்மொழியில் சிகிச்சை தரக்கூடியவர்களும் நாட்டில் மிகச் சிலரே. ஒரு தாய் தன் பிள்ளை எப்படித் திணறியது என்பதைத் தன் சொற்களில் விவரிக்க இயலாதபோது, மிகத் திறமையான சிகிச்சையாளரும் பாதியைத்தான் அறிய முடியும்.

நிபுணர் குறைந்த இடத்தில் பராமரிப்பவருக்கே முறையாகப் பயிற்சியளித்தால் என்ன நிகழும் என்பதற்கு வங்காளதேசம் விடை தந்திருக்கிறது. டாக்காவில் பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளின் பராமரிப்பாளர்களுக்குக் குறைந்த செலவில் ஒருசில பயிற்சி அமர்வுகள் நடத்தப்பட்டன; எவ்வாறு அமர்த்துவது, என்ன பதத்தில் கொடுப்பது, எவ்வளவு வேகத்தில் கொடுப்பது என்பனவே பாடங்கள். 2012இல் வெளியான அதன் முடிவுகள், பிள்ளைகளின் சுவாச நலம் மேம்பட்டதையும், உண்ணும் வேளையில் அவர்கள் ஒத்துழைப்பது கூடியதையும், பராமரிப்பவர்களின் மன அழுத்தம் தணிந்ததையும் காட்டின. அங்கே விமானப் பயணமும் இல்லை, மூன்று வார விடுதிக் கட்டணமும் இல்லை. கடன்பட்டு, நகை விற்று வெளிநாடு சென்று திரும்பும் குடும்பங்கள் பெற்றுவரும் அறிவில் ஒரு பெரும் பகுதியைக் கற்பிட்டி சுகாதாரப் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர்களுக்குத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. அப்பயிற்சி இன்னமும் வாய்க்காதிருப்பது, அந்தப் பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் அநீதி.

அதுவரையில் திரும்பி வரும் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டியது முறையாக எழுதப்பட்ட ஒரு கடிதம். பிள்ளை இப்போது எந்தப் பதத்தில் எவற்றை உண்கிறது, நாளுக்கு எவ்வளவு நீர் வேண்டும், நிறை எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் மீண்டும் குழாய்வழி உணவு தொடங்க வேண்டும், காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் முதல் நாளில் என்ன செய்வது என்பவை அதில் எண்களோடு இருக்க வேண்டும். வயிற்றில் குழாய் உள்ள பிள்ளைக்கு, வாயால் உண்ணத் தொடங்கிய உடன் அதை எடுத்துவிடுவதில்லை. குழாயைப் பயன்படுத்தாமலே சில மாதங்கள், இடையில் வரும் ஒரு நோயையும் தாங்கிக்கொண்டு, வளர்ச்சிக் கோடு சரியாமல் கடந்த பின்னரே எடுப்பது பாதுகாப்பானது. எடுத்த பின் அத்துளை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், நீண்ட காலம் இருந்ததாயின் சில வேளை தையல் தேவைப்படும். அந்த முடிவை எடுக்கப்போகிறவர் வேலூரிலோ கிராட்ஸிலோ இருக்கும் மருத்துவரல்லர், புத்தளம் வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணர்; அவர் நம்பப்போவது கிராமத்துக் கிளினிக்கில் எழுதப்பட்ட நிறைகளை. ஆகவே கடிதத்தின் ஒரு பிரதி அவருக்கும், இன்னொன்று கற்பிட்டிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும், தமிழில் எழுதிய மூன்றாவது பிரதி வீட்டில் சோறு தீத்தப்போகும் உம்மம்மாவுக்கும் என்று, குடும்பம் புறப்படுமுன்பே அனுப்பப்பட்டிருக்க வேண்டும்.